இரண்டு புளியங்கொட்டை

உப்பளத்தை ஒட்டிய மடத்து வைத்தியசாலையில் சிற்றம்பலம் மூட்டுவலிக்கு ஒரு மருந்து செய்தான். நாற்பத்தைந்து வயதில் அவன் சொந்தமாகச் செய்த முதல் மருந்து. அதனால் கொஞ்சம் கண்மண் தெரியாத பூரிப்பில்தான் இருந்தான்.

கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார் என்றார் குரு நாகலிங்க அடிகள்.

முழங்காலோ இடுப்பு மூட்டோ தேய்ந்துபோன அறுபது பேரைச் சேர்த்தார்கள். குருவும் அதில் ஒருவர். முப்பது பேருக்கு மருந்து உருண்டை, முப்பது பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு உருண்டை. யாருக்கு எது என்று தின்றவர்களுக்குத் தெரியாது. சிற்றம்பலத்துக்குத் தெரியும். அதில் தவறு இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

வாரம் ஒருமுறை அவனே போய் விசாரிப்பான். வலி எவ்வளவோ அத்தனை புளியங்கொட்டையை எடுத்து வைக்க வேண்டும். தாங்கவே முடியவில்லை என்றால் பத்து.

மூன்று மாதத்தில் மருந்து தின்றவர்கள் இரண்டுக்கு இறங்கினார்கள். மாவு தின்றவர்கள் எட்டிலேயே நின்றார்கள். சிற்றம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்து தின்றவர்களில் ஒருத்தி சந்தனமாரி, உப்பு வாரும் பெண். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடுப்பு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் வைத்த இரண்டு கொட்டையை நம்பி, அதெல்லாம் வேண்டாம், மருந்தே போதும் என்று தடுத்தவன் சிற்றம்பலம்தான்.

ஆறு மாதம் கழித்து அவளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இனி ஆபரேஷன் செய்தாலும் நடப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"வலி கொறையவே இல்ல சாமி. சொல்லத்தான் வாய் வரல" என்றாள். அவள் அழவில்லை. சிற்றம்பலம்தான் அழுதான்.

நேரே குருவிடம் போனான்.

"வலிய வச்சுக்கிட்டு அவ ஏன் சாமி ரெண்டே கொட்டை வச்சா?"

"நீ எப்படிக் கேட்ட?"

"பக்கத்துல உக்காந்தேன். காலைத் தொட்டுப் பாத்தேன். இப்ப தேவலையான்னு கேட்டேன்."

"மாவு தின்னவங்ககிட்டயும் அப்படித்தான் கேட்டியா?"

சிற்றம்பலம் யோசித்துப் பார்த்தான்.

"இல்ல. நின்னுக்கிட்டே கேட்டேன்."

குரு தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"உங்களுக்கும் மருந்துதானே குடுத்தேன். நீங்களும் ரெண்டுதானே வச்சீங்க. உங்களுக்காவது கொறஞ்சுதா?"

குரு எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"இல்லப்பா."

சிற்றம்பலத்துக்குக் கோபம் வந்தது. இருபது வருஷத்தில் குருவிடம் அவன் கோபப்பட்டது அன்றைக்குத்தான்.

"அவளுக்கு வாய் வரல. உங்களுக்கு என்ன சாமி? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த ஆபரேஷனத் தடுத்திருக்க மாட்டேனே. அவ நடந்திருப்பாளே."

"நடந்திருப்பா" என்றார் குரு.

"பின்ன ஏன் சொல்லல?"

"இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் ஒவ்வொரு வாரமும் உக்காந்திருப்பேன். நீ என் காலைத் தொட்டுட்டு நிமிந்து பாப்ப. அந்த முகத்துல ஒரு பதிலுக்குத்தான் எடம் வச்சிருந்த."