ஆணி ஏறாத சுவர்

"என் கட்டிடத்தில் மட்டும் ஏன் யாரும் நிலைப்பதில்லை, அம்மா?"

கேட்டவர் மாசிலாமணி. ஊரே மதித்து அறிவுரை கேட்கும் ஞானவல்லி அம்மையார் வயதில் அவரைவிட இளையவர். ஆயினும் அம்மையாரின் சொல்லே அவருக்கு வேதவாக்கு.

"வருகிறவர்கள் எல்லாரும் பதினொரு மாத ஒப்பந்தம்தான் கேட்கிறார்கள். கெடு முடிந்ததும் சாவியை நீட்டுகிறார்கள். மிஞ்சியிருப்பது மூன்றாம் மாடிக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றே. அவர்களும் நாளை காலி செய்கிறார்கள். அதன்பின் அத்தனை மாடியும் வௌவால்களுக்குத்தான்."

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் எழுந்து போக முடியாதபடி விதிகளும் சேர்த்தாயிற்று. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்திடுவார்கள்."

அம்மையார் எழுந்தார்.

"வாருங்கள், பார்ப்போம்."

வாசலில் பளிங்கு மின்னியது. முகப்பெங்கும் கண்ணாடி. லிஃப்ட் மட்டும் அசையவில்லை. படியேறினார்கள்.

அலுவலக மேலாளர் ரெஜினா பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களைப் படியேற வைத்துவிட்டோமே, அம்மா! இங்கே எங்களைவிட லிஃப்டுக்குத்தான் விடுமுறை அதிகம்."

மாசிலாமணி சிரிக்கவில்லை. அம்மையார் அமர்வதற்காக அவர் நாற்காலி தேடினார். கிடைத்த ஒன்றின்மேல் சுவர்க்கடிகாரம் ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் காட்டினார்.

அம்மையார் அமரவில்லை.

"கடிகாரம் ஏன் நாற்காலியில் இருக்கிறது?"

"ஆணி அடித்தால் காரை பெயர்ந்து விழுகிறது, அம்மா," என்றார் ரெஜினா. "நாங்கள் வந்த நாள் முதல் அதற்கு அதுதான் ஆசனம்."

"காரை சின்ன விஷயம்," என்றார் மாசிலாமணி. "பிறகு பூசிக்கொள்ளலாம். முதலில் கையெழுத்து ஆகட்டும்."

"இதையேதான், ஐயா, நாங்கள் குடிவந்த அன்றும் சொன்னீர்கள்."

அம்மையார் சுவரை உள்ளங்கையால் தடவினார். கை வெளுத்தது.

"உங்கள் சொந்த அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது?"

மாசிலாமணி தயங்கினார்.

"இங்கே இல்லை, அம்மா."

"பிறகு?"

அவர் சன்னலுக்கு வெளியே கண்காட்டினார். தெருவின் எதிர்ப்புறத்தில் பழைய செங்கல் கட்டிடம் ஒன்று. கண்ணாடி இல்லை, பளிங்கு இல்லை.

"வாடகைக்கா?"

"ஆமாம்."

"ஒப்பந்தம் எவ்வளவு காலத்துக்கு?"

"ஒன்பது ஆண்டு." குரல் இறங்கியது. "அது முடிந்து, மறுபடியும் ஒன்பது."

அம்மையார் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"எழுந்து போக முடியாதபடி அங்கே உங்களுக்கு என்ன விதி எழுதினார்கள்?"

ரெஜினாவின் கை கயிற்றோடு நின்றது.

கடிகாரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாசிலாமணி நின்றார்.