ஹார்னுக்குப் பரவிய ஸ்டார்ட்டர் நோய்

எங்க ஊரைப் பார்த்து அசலூர்க்காரர்கள் சிரிப்பதற்கு முன்னால் நாங்களே சிரித்து முடித்துவிடுவோம். அவர்களுக்கு விஷயம் பாதிதான் தெரியும், எங்களுக்கு முழுசும் தெரியும் பாருங்கள். ஊருக்குப் பேர் சில்லாங்காட்டுப்புதூர். அங்கே திருமூர்த்தி என்று ஒருத்தன். நல்லவன், உழைப்பாளி. மூளையை மட்டும் அவ்வளவாகத் தொந்தரவு செய்ய மாட்டான்.

அவன் பெண்டாட்டி பூங்கொடி டீச்சர். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நாலு வருஷமாக விடியுமுன் கிளம்பி ரெண்டு பஸ் மாறி எழுபது கிலோமீட்டர் போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு இடம் காலி. திங்கட்கிழமை பத்து மணிக்கு டவுனில் இடமாறுதல் கவுன்சிலிங். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"நீ எதுக்கும் கவலைப்படாதே. நானே நம்ம வண்டியில கொண்டுபோய் விடறேன்" என்று திருமூர்த்தி வாக்குக் கொடுத்தான். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவளுக்காக அவன் கொடுத்த முதல் வாக்கு அது. எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் நிஜமாகவே தவித்தான், பாவம்.

வண்டி என்றால் மூணு கை மாறி வந்த ஒரு வெள்ளைக் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்துப் பொட்டு வைத்து சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சே விடவில்லை.

உடனே ரெண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தர் பெரியப்பா மகன் சென்னியப்பண்ணன். கூட்டுறவு சொசைட்டியில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ரிட்டையர் ஆனவர். யோசிக்காமல் எதையும் சொல்ல மாட்டார், யோசித்துச் சொன்னாலும் பிரயோசனம் இருக்காது. இன்னொருத்தர் தங்கச்சி புருஷன் நாச்சிமுத்து. அவர் யோசிப்பதே கிடையாது.

மெக்கானிக் மயில்சாமிக்குப் போன் போட்டார்கள். அவன் மலைமேல் குலதெய்வம் கோவிலில் கிடாவெட்டில் இருந்தான்.

"லைட் எரியுதுங்களா? ஹார்ன் அடிக்குதுங்களா?" என்று கேட்டான்.

"ரெண்டும் ஜோரா இருக்குதப்பா."

"அப்ப பேட்டரி நல்லா இருக்குது. ஸ்டார்ட்டர் ரிலே போயிருக்கும். பானெட்டைத் தொறந்தா ஒரு கறுப்புப் பொட்டி இருக்கும். எது எதுன்னு மூடியிலேயே படம் போட்டிருப்பான். ரிலேங்கிறது கரண்டைத் தொறந்து மூடற குட்டி சுவிட்சு, தீப்பெட்டியில பாதி இருக்கும். ஒருத்தர் அது மேல விரல வெச்சுக்குங்க. இன்னொருத்தர் சாவியைத் திருப்பட்டும். துடிக்குதான்னு பாருங்க."

சென்னியப்பண்ணன் கட்டைவிரலை வைத்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். "துடிக்குது" என்றார்.

"அண்ணா, நான் இன்னும் சாவியே போடலீங்க" என்றான் திருமூர்த்தி.

"சாவி போடாமலே துடிக்குதுன்னா எவ்வளவு நல்ல ரிலே!"

நாச்சிமுத்து தன் விரலை வைத்துப் பார்த்தார். அவருக்கும் துடித்தது. அண்ணனுக்குக் கொஞ்சம் வேகமாகத் துடித்ததால், அவர் மூத்தவர் என்று வண்டிக்குத் தெரிந்திருக்கிறது என முடிவானது. சொந்த நாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது மூணு பேருக்கும் தோன்றவில்லை.

துடிக்கிறது என்று சொன்னதும் மயில்சாமி குழம்பிப்போனான். "சரி, ஒண்ணு செய்யுங்க. ஹார்ன் ரிலேவும் ஸ்டார்ட்டர் ரிலேவும் ஒரே ஜாதிதான். ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்க. அதுக்கு முன்னால சாவியை எடுத்துக் கையில வெச்சுக்குங்க. பேட்டரி வயரைக் கழட்டிருங்க." அதோடு சிக்னல் போய்விட்டது.

திருமூர்த்தி சாவியை எடுத்து வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கையில் வை என்றானே தவிர, எப்போது கீழே வைக்கலாம் என்று சொல்லவில்லை. அதனால் வேலையெல்லாம் மற்ற ரெண்டு பேர் தலையில் விழுந்தது. மத்தியானம் சோறு கூட நாச்சிமுத்துதான் உருட்டி உருட்டி ஊட்டினார். ரசத்துக்குத்தான் கொஞ்சம் சிரமப்பட்டுப் போனார்கள்.

பேட்டரி வயரைக் கழற்றினார்கள், ரிலேக்களை இடம் மாற்றினார்கள். சென்னியப்பண்ணன் திருமூர்த்தியின் மணிக்கட்டைப் பிடித்து, சாவியைக் கையோடு சேர்த்துத் திருப்பினார். சத்தமே இல்லை. லைட் போட்டால் எரியவில்லை. ஹார்னும் அடிக்கவில்லை.

"காலையில ஸ்டார்ட்டர் மட்டும்தான் போயிருந்தது. இப்ப மொத்தமாப் போயிருச்சே!" திருமூர்த்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூணு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் துக்கம் காத்தார்கள்.

மோர் கொண்டுவந்த பூங்கொடி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கழட்டுன வயரை மறுபடி மாட்டுனீங்களா?"

"மாட்டச் சொல்லலியே!"

அவள் மோரைக் கீழே வைத்துவிட்டுத் தானே வயரை மாட்டினாள். அவனும் அவள் சொல்லி சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது. மூணு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் சென்னியப்பண்ணன் ஹார்னை அமுக்கினார். ஹார்ன் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "திருமூர்த்தி, இது ஒட்டுநோய். ஸ்டார்ட்டருக்கு இருந்தது ஹார்னுக்குப் பரவிருச்சு."

"அப்படியே விட்டா வண்டி பூராப் பரவுமுங்களா?"

"சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

ஹார்ன் இடத்தில் இருந்த ரிலேயைப் பிடுங்கி, லைட் ரிலேயோடு மாற்றிப் போட்டார்கள். ஹார்ன் கணீரென்று அடித்தது. லைட் அணைந்துவிட்டது.

"பார்த்தியா? நான் என்ன சொன்னேன்!" என்றார் அண்ணன், டாக்டர் மாதிரி.

அப்போது நாச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "மச்சான், நாளைக்குப் பகல்லதானே போறோம்? லைட் இல்லாமலே போயிட்டு வந்துரலாமே" என்றார்.

அவர் பிறந்ததிலிருந்து பேசிய ஒரே புத்தியுள்ள பேச்சு அதுதான். மற்ற ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "லைட் இல்லாத வண்டியில கவுன்சிலிங்காம்! இவருக்குப் பொண்ணு கொடுத்தோம் பாருங்கண்ணா!" என்று திருமூர்த்தி கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. இனிமேல் யோசிப்பதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்தார்.

நோய் பரவுவதற்குள் எதை எதை எங்கிருந்து எடுத்தார்களோ அங்கேயே வைத்து அடைத்துவிட்டார்கள். லைட் எரிந்தது, ஹார்ன் அடித்தது. வண்டி மட்டும் காலையில் இருந்தபடியே மூச்சுவிடாமல் இருந்தது. நாள் முழுக்கப் பாடுபட்டுத் தொடங்கிய இடத்துக்கே பத்திரமாக வந்து சேர்ந்தது அவர்களுக்கு ஒரு திருப்திதான்.

நாலு மணிக்கு மயில்சாமியே கூப்பிட்டான். நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டான். அப்புறம், "அண்ணா, அந்தப் பழைய ரிலேயைக் கையில எடுத்துட்டுப் போய், அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. துளி வித்தியாசம் இருந்தாலும் வாங்கிராதீங்க" என்றான்.

சந்தை ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பழசைப் பார்த்ததும் டப்பாவிலிருந்து புதுசு ஒன்றை எடுத்தார். ரெண்டு வயரைப் பேட்டரியில் தொட்டுப் புதுசில் வைத்தார். 'டிக்' என்றது. பழசில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. "பாருங்க, உங்களுது செத்துப்போச்சு. இதைக் கொண்டுபோய்ப் போடுங்க."

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"இது டிக்குங்குது. நம்முது சத்தமே போடறதில்லையே" என்றான் திருமூர்த்தி மெதுவாக.

"துளி வித்தியாசம் கூடாதுன்னான் மயில்சாமி. இங்க மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்" என்றார் அண்ணன். கடைக்காரரிடம், "ஏனுங்க, சத்தம் வராதது ஏதாச்சும் ஸ்டாக் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

கடைக்காரர் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அப்படிப்பட்டதை நாங்க விக்கிறதில்லைங்க" என்றார்.

"நல்ல சரக்கை உள்ள வெச்சுக்கிட்டு இல்லைங்கிறான்" என்று திட்டிக்கொண்டே பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். அங்கே ஒரு சாக்கு நிறைய ரிலே கிடந்தது. ஒவ்வொன்றாகப் பேட்டரியில் தொட்டுத் தொட்டு வைத்துப் பார்த்தார்கள். முதல் எட்டும் 'டிக்' என்றன. ஒவ்வொரு டிக்குக்கும் திருமூர்த்தியின் நெஞ்சு விண்டு போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் ஒன்பதாவதை வைத்தார்கள். மூச்சுப் பேச்சில்லை.

"அண்ணா! கிடைச்சிருச்சு!" என்று கத்தினான். கடைக்காரன் அதைச் சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். சும்மா கொடுப்பதை எப்படி நம்புவது என்று, பேரம் பேசி விலை ஏற்றி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை. பூங்கொடி நீலப் பருத்திப் புடவை கட்டி, சர்டிபிகேட் பையோடு நின்றாள். ஸ்டார்ட்டர் ரிலே இடத்தில் செத்ததை எடுத்துவிட்டுச் செத்ததையே போட்டு, திருமூர்த்தி சாவியைத் திருப்பினான். என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூணு பேர் தலையும் பானெட்டுக்குள் போய்விட்டன.

"மணி எட்டேகாலாச்சு. நான் கிளம்பட்டுங்களா?" என்றாள் பூங்கொடி.

"ஏறு ஏறு, பின்னால ஏறி உக்காரு. இதோ ஆச்சு" என்றான் திருமூர்த்தி, தலையை எடுக்காமலேயே. அவள் அந்த ஆறு கால்களையும் ஒரு தடவை பார்த்தாள். நேராக நடந்து போய் எட்டு இருபது டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மயில்சாமிக்குப் போன் போனது. விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யோவ், ஹார்ன் ரிலேயப் புடுங்கி ஸ்டார்ட்டர்ல போட்டுட்டுக் கிளம்புங்க! ஹார்னை வாயில அடிச்சுக்குங்க! கிளம்பிட்டீங்கன்னா திரும்பிப் பார்க்காமப் போயிட்டே இருங்க!"

அப்படியே செய்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது. பூங்கொடி வசதியாக உட்காரட்டும் என்று அண்ணனும் நாச்சிமுத்துவும் முன் சீட்டிலேயே நெருக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். லாரி பஸ்ஸுக்கு அண்ணன் "பாம்... பாம்..." என்று கட்டைக்குரலில் கத்தினார். சைக்கிள், ஆடு, கோழிக்கு நாச்சிமுத்து "பீப் பீப்" என்றார். மயில்சாமி சொன்னபடி மூணு பேரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாலும் திரும்பிப் பார்த்த கணக்குத்தான் என்று அண்ணன் அதையும் கூரையைப் பார்க்க வைத்துவிட்டார்.

பாதி வழியில் திருமூர்த்திக்கு மனசு இளகிவிட்டது. ரோட்டைப் பார்த்தபடியே பேசினான். "பூங்கொடி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு வருஷமா நீ இருட்டுல கிளம்பறப்ப நான் தூங்கற மாதிரி நடிச்சிருக்கேன். முழிச்சா பஸ் ஸ்டாப்புல கொண்டுவந்து விடணுமேன்னுதான். நான் ஒரு சோம்பேறிப் பய. மன்னிச்சுக்க அம்மிணி."

பின் சீட்டிலிருந்து பதில் இல்லை.

"கோவமா?"

அதற்கும் பதில் இல்லை.

"பேசாம இருந்தா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம்... பாம்! பாம்!" என்றார் அண்ணன். திருமூர்த்தி, இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று பூரித்துப் போனான்.

மணி பத்தைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆனபோது கவுன்சிலிங் மண்டபத்து வாசலில் வண்டி நின்றது. திருமூர்த்தி இறங்கி, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போய்ப் பின் கதவைத் திறந்து, கையால் துழாவினான். சீட்டுதான் தட்டுப்பட்டது.

"ஐயோ! விழுந்துட்டாளா?"

"அந்தப் புளியமரத்து வளைவுல வேகமாத் திருப்புனீங்க மச்சான்" என்றார் நாச்சிமுத்து.

உள்ளே மைக்கில் "பூங்கொடி!" என்று கூப்பிட்டார்கள். திருமூர்த்தி அழுதுகொண்டே ஓடினான். "சார், பேரை அடிச்சிராதீங்க சார்! வழியில விழுந்து கிடக்கிறா, இப்ப எடுத்துட்டு வந்துடறேன்!"

மேஜை முன்னால் நின்ற பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். அதிகாரியும் பார்த்தார். அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பேரைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு, ஆர்டரை வாங்கிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"கிடைச்சிருச்சுங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "இனி நான் நடந்தே போய்க்கலாம்."

திருமூர்த்தியின் முகம் தெளியவில்லை. "அதெல்லாம் சரி. நான்தான் கொண்டுவந்து விடறேன்னு வாக்குக் கொடுத்தேன். நீ பாட்டுக்கு வந்துட்டே. இப்ப என் வாக்கு என்னாவறது?"

சென்னியப்பண்ணனும் நாச்சிமுத்துவும் தலைகுனிந்து நின்றார்கள். கத்திக் கத்தி ரெண்டு பேருக்கும் குரலே இல்லை. பூங்கொடி மூணு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டுப் பதினோரு வருஷமாகிறது. அவளும் எத்தனை நாள்தான் தாக்குப்பிடிப்பாள்?

"அப்ப ஒண்ணு செய்யலாங்க. நான் பஸ்ல வீட்டுக்குப் போய் வாசல்ல நிக்கிறேன். நீங்க வந்து என்னைக் கூட்டிட்டு வந்து இங்க விட்டுருங்க" என்றாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு, கம்மிப்போன "பாம் பாம்" சத்தத்தோடு வெள்ளைக் கார் மறுபடியும் அந்த மண்டபத்து வாசலில் வந்து நின்றது. பூங்கொடி சர்டிபிகேட் பையோடு இறங்கினாள். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்து, "கவுன்சிலிங்கெல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. பத்து மணிக்கே வர வேண்டாமா?" என்றார்.

திருமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்திப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"பார்த்தியா? பத்து மணிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்குது. பஸ்ல வந்திருந்தா இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பியா?"