எண்ணெய் குடிக்காத கார்

நெடுங்கல்பட்டி சமையல் கோஷ்டியில் மூன்று பேர், ஒரு அண்டா. கல்யாணங்களுக்குப் போகும்போது வாடகை வேனில் அண்டா ஏறும். அண்டாவுக்குள் இடும்பன் ஏறுவான். பதினோரு வருஷமாக வழியில் அவன் பார்த்ததெல்லாம் வானம்தான். ஒருநாள் வேன்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்குள் சொந்த வண்டி வாங்கிவிடலாம் என்றார் மூத்தவர் செவந்தியப்பன். இடும்பன் கேட்டது ஒன்றே ஒன்று: கதவு வைத்த ஒரு சீட்டு.

சந்தைப்பேட்டையில் ஒருவரிடம் பழைய பிக்கப் ஒன்றும், அதைவிடப் பழைய சின்னக் கார் ஒன்றும் விலைக்கு நின்றன. எதை வாங்குவது என்று மெக்கானிக்கிடம் கேட்டார்கள்.

“ஒரே ரோட்டுல, ஒரே நேரத்துல, ஒரே ஆளு ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. எது எவ்வளவு எண்ணெய் குடிக்குதுன்னு தெரிஞ்சுபோகும்” என்றார் அவர்.

ஓட்டத் தெரிந்தவர் செவந்தியப்பன் மட்டும்.

“ரெண்டுக்கும் சேர்த்து ஆறு பெடலு. எனக்கு இருக்கிறது ரெண்டு காலு” என்றார்.

“ஒண்ணுமேல ஒண்ணை வெச்சா?” என்றான் கோஷ்டியில் மூன்றாமவன் கொண்டல்சாமி.

செவந்தியப்பன் வெகுநேரம் யோசித்தார். “எதை மேல வெக்கிறது?”

“சின்னதைத்தாண்ணே. பெருசை வெச்சா சின்னது பயந்துக்கும்.”

செங்கல் சூளை மேட்டோரம் பிக்கப்பை நிறுத்தி, அதன் முதுகில் காரைத் தள்ளி ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். காருக்குக் காவலாக இடும்பன் உள்ளே உட்கார்ந்தான். கதவு இருந்தது. செவந்தியப்பன் பிக்கப்பைக் கிளப்பியதும் கண்ணாடியை இறக்கினான். முதன்முறையாகப் பனைமரங்களை அடிவரை பார்த்தான்.

திரும்பி வந்து கணக்குப் பார்த்தார்கள். பிக்கப் நாலு லிட்டர் குடித்திருந்தது. கார் ஒரு சொட்டும் தொடவில்லை. பிக்கப் புகை விட்டது, கார் விடவில்லை.

“வேகம்?” என்றார் செவந்தியப்பன்.

“ஒரு முழம்கூடப் பிந்தலைண்ணே” என்றான் இடும்பன்.

காரை வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கார் கூரையில் அண்டாவைக் கட்டி, மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கார் நகரவில்லை.

“சாவி போட்டுப் பாக்கலாமாண்ணே?”

“அன்னைக்குப் போட்டமா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

அரை மணி நேரம் பொறுத்தார்கள். ஏழரைக்குப் பந்தி, அரிசி இன்னும் மூட்டையில் இருந்தது. கடைசியில் கொண்டல்சாமிதான் குறையைக் கண்டுபிடித்தான். அடியில் பிக்கப் இல்லை.

ஓடிப்போய் அதே பிக்கப்பை வாடகைக்கு எடுத்துவந்தார்கள். பிக்கப்பில் கார், காரின்மேல் அண்டா, அண்டாவுக்குள் கொண்டல்சாமி. காரின் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இடும்பன். செவந்தியப்பன் பிக்கப்பை ஓட்டினார்.

ஊர் எல்லை தாண்டியதும் இடும்பனுக்குப் பந்தி நேரம் நினைவுக்கு வந்தது. முன்னால் போகிற பிக்கப் மெதுவாகப் போவதாகப் பட்டது. வழி கேட்டு ஹாரன் அடித்தான்.

செவந்தியப்பன் இடதுபக்கம் ஒதுங்கி, போகச் சொல்லிக் கை காட்டினார். கார் போகவில்லை. மறுபடி ஹாரன். மறுபடி கை காட்டினார். சமையல் வண்டிக்குத்தான் அவசரம் என்று, பிக்கப்பை ஓரம்கட்டி நிறுத்தினார். முன்வண்டி நிற்கிறதே என்று இடும்பனும் பிரேக்கை அழுத்தி மிதித்தான்.

இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. அண்டாவுக்குள்ளிருந்து கொண்டல்சாமி தலையை நீட்டி எட்டிப்பார்த்தான்.

“அண்ணே, பிரேக்குல ரெண்டும் சமம்.”