நரி இல்லாத கதை

மலையடிவாரக் காட்டில் அந்த வருஷம் கோடை சீக்கிரமே வந்துவிட்டது. குளம் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மருதமரத்து வேரடியில் ஒரே ஒரு ஊற்றுக்குழி மட்டும் மிச்சம். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பொழுது சாயும்போது குழி நிறைந்திருக்கும். அப்போது எல்லா விலங்குகளும் வரிசையாக வந்து குடிக்கும். சின்ன உடம்புக்கு முதலில், பெரிய உடம்புக்குக் கடைசியில். இடையில் வந்து யாரும் வாய் வைக்கக் கூடாது.

இந்த முறையைப் பார்த்துக்கொண்டது கடமான். பெரிய கொம்பு, பெரிய உடம்பு. அதனால் எல்லோருக்கும் அது 'பெரியவர்'.

குடித்து முடித்ததும் கதை. மைனாதான் சொல்லும். கதை சொல்வது மைனாவின் வேலை என்றால், கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' என்றால், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல் என்று அர்த்தம். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். அந்த வேலையைச் செம்போத்து எடுத்துக்கொண்டது. புதருக்குள் உட்கார்ந்து அடித்தொண்டையில் "உம், உம், உம்" என்பதுதான் அதன் பிறவிக் குரல். ஆகவே மற்றவர்கள் சும்மா கேட்டால் போதும்.

மைனா எந்தக் கதை சொன்னாலும் அதில் ஒரு நரி திருடும். ஒரு முயல் அதைக் கண்டுபிடிக்கும். நரி ஏமாற்றும், முயல் காப்பாற்றும். அதனால் முயல் எப்போதும் முன்னால் வந்து உட்காரும்.

"இன்னிக்கு நான் என்ன பண்றேன்?" என்று கேட்கும்.

அந்தக் காட்டில் அப்போது நரியே கிடையாது. அதனால் யார் மனசும் நோகவில்லை.

பிறகு ஒரு நரி வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் காடு பற்றி எரிந்ததில், வயிற்றுக் குட்டிகளோடு தப்பி ஓடி வந்தது. ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பாறைப் பொந்து. அதில் குட்டி போட்டது. முதல் நாள் தண்ணீருக்கு வந்தபோது கடமான் அதை மேலும் கீழும் பார்த்தது.

"புதுசா வந்தவங்க கடைசி. எனக்கும் பின்னாடி."

"சரிங்க பெரியவரே" என்றது நரி. போய்க் கடைசியில் நின்றது.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் வந்து பார்த்தால், குழியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அதுவும் கலங்கிச் சேறாகிக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. உச்சிவெயிலில் எல்லோரும் நிழல் தேடிப் படுத்திருக்கும் நேரத்தில், யாரோ வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள்.

"நரிதான்" என்றது மயில்.

"தடம் ஏதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டது கீரி.

"நரின்னு தெரிஞ்ச பிறகு தடம் எதுக்கு?" என்றது மயில்.

முயல் எழுந்து நின்றது. "கதையில நரி என்னென்ன பண்ணும்னு நமக்குத் தெரியாததா?"

நரி தலையைக் குனிந்துகொண்டே சொன்னது: "நான் குடிக்கலைங்க. பால் குடிக்கிற குட்டிகளை விட்டுட்டுப் பகல்ல நான் வெளியே வர்றதே இல்லை."

"நாளைக்கும் தண்ணி குறைஞ்சிருந்தா, பொழுது அடையுறதுக்குள்ள மலையைத் தாண்டிப் போயிடணும்" என்றது கடமான்.

"குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கலை, பெரியவரே. இந்த வெயில்ல மலை தாண்டினா ஒண்ணுகூடப் பிழைக்காது."

கடமான் குழிப் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்றைக்கு நரிக்குத் தண்ணீரும் கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நரி நேராக மைனாவின் மரத்தடிக்கு வந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நரி திருடினதை நீ எப்பவாவது பார்த்திருக்கியா?"

மைனா யோசித்தது. "இல்லை. எங்கம்மா அப்படித்தான் சொல்வா."

"உங்கம்மா பார்த்தாளா?"

"அவளுக்கு அவங்கம்மா சொன்னது."

"அந்தம்மா?"

மைனா தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நரியைப் பார்த்தது. இந்தக் கேள்வி அதற்கு இதுவரைக்கும் தோன்றியதே இல்லை. "அதுக்கும் மேல எனக்குத் தெரியாதும்மா. கதைன்னா ஒரு கெட்டவன் வேணும். நரின்னு வச்சுட்டோம். அவ்வளவுதான்."

"நீ சும்மா வச்சுட்டே. அதுக்கு என் குட்டிங்க சாகப்போகுது" என்று சொல்லிவிட்டு நரி போய்விட்டது.

மைனா அன்றைக்கு இரை தேடவே போகவில்லை. கெட்டவன் இல்லாமல் கதை நடக்குமா? நரியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் யாரை வைப்பது? அப்படி வைக்கிற கெட்டவன்தான் எதற்காகக் கெட்டது செய்கிறான்? இத்தனை கதை சொல்லியும் ஒரு தடவைகூட அவன் பக்கம் போய் நின்று பார்த்ததில்லையே!

பொழுது சாய்ந்தது. எல்லோரும் ஊற்றுக்கு வந்தார்கள். இன்றைக்கும் தண்ணீர் பாதிதான். இன்றைக்கும் சேறுதான்.

"கிளம்பு" என்றது கடமான்.

நரியின் நாக்கு வறண்டு தொங்கியது. "போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு கதை கேட்டுட்டுப் போறேன். என்னைப் பத்தி என்ன சொல்றீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேனே."

கடமான் கொஞ்சம் தயங்கியது. பிறகு தலையாட்டியது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது.

"ஒரு காட்டுல ஒரு மான் இருந்துச்சு. ரொம்ப நல்ல மான்."

"உம்" என்றது செம்போத்து.

"அதுக்குப் பக்கத்துல ஒரு குரங்கு. அதுவும் ரொம்ப நல்ல குரங்கு."

"உம்."

"ரெண்டும் ஒத்துமையா இருந்துச்சு. மழை நல்லாப் பெய்ஞ்சுது. புல்லு நல்லா முளைச்சுது."

"உ..."

"பழமும் நல்லாப் பழுத்துச்சு."

உம் வரவில்லை. புதருக்குள் செம்போத்து தூங்கிவிட்டது. கீரி கொட்டாவி விட்டது.

"அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டது முயல்.

"அப்புறம் எல்லாரும் நல்லா இருந்தாங்க."

"அதான் முதல்லயே நல்லாத்தானே இருந்தாங்க? இதுக்கு எதுக்குக் கதை? நரி எங்கே?"

"இன்னிக்குக் கதையில நரி இல்லை" என்றது மைனா. "அந்த வேலைக்கு வேற யாராவது வாங்களேன். மயிலு, நீ வர்றியா?"

மயில் சிலிர்த்துக்கொண்டது. "எங்க குடும்பத்துலயா? நல்லாருக்கே நியாயம்!"

"கீரி?"

"எனக்கு எதுக்குக்கா ஊர் வம்பு? பாம்பைப் போட்டுக்கோயேன்."

பக்கத்துப் புற்றிலிருந்து சாரைப்பாம்பு தலையை நீட்டியது. "நானும் இங்கதான் இருக்கேன். காதுல விழுது."

"பார்த்தீங்களா? யாரும் வரமாட்டேங்கறீங்க" என்றது மைனா. "அப்போ இந்தக் கதையில கெட்டது பண்றவருக்குப் பேரே வேண்டாம். 'ஒருத்தர்'னு வச்சுக்குவோம். செம்போத்தண்ணே, எழுந்திரு."

செம்போத்து திடுக்கிட்டு விழித்து, "உம்" என்றது.

"ஒரு காடு. அதுல ஒரே ஒரு ஊத்து. எல்லாரும் முறை வச்சுக் குடிச்சாங்க."

"உம்."

"அதுல ஒருத்தர் இருந்தார். அவருக்கு ஊருக்குள்ள நல்ல பேரு."

"உம்."

"ஒரு நாள் உச்சிவெயில். எல்லாரும் படுத்துட்டாங்க. அந்த ஒருத்தருக்கு மட்டும் தாகம் தாங்கலை. ஊத்துப் பக்கமா வந்தார். முறை இல்லையேன்னு நினைச்சார். திரும்பிடலாம்னும் நினைச்சார்."

மைனா கண்ணை மூடிக்கொண்டது. அந்த ஒருத்தர் யார் என்று மைனாவுக்கும் தெரியாது. அந்த இடத்தில் நின்றால் தனக்கு என்ன தோன்றும் என்று பார்த்துப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டு வந்தது.

"அப்போ அவருக்கு ஒண்ணு தோணுச்சு. மத்தவங்க குடிச்சாத் திருட்டு. நான் நல்லவன். நான் ஒரு வாய் குடிச்சா அது திருட்டு இல்லை, வெறும் தாகம். அப்படித் தோணினதும் குடிச்சுட்டார்."

"உம்" என்றது செம்போத்து. இப்போது யாரும் கொட்டாவி விடவில்லை. எல்லோருக்கும் தாகம் தெரியும். வெயில் நேரத்தில் அந்தக் குழியைத் தூரத்திலிருந்து பார்த்து எச்சில் விழுங்காதவர்கள் அங்கே யாருமில்லை. மயில் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் பழி வேற ஒருத்தி மேல விழுந்துச்சு. சின்னக் குட்டிகளை வச்சிருந்தவ. அவளைக் கிளம்பச் சொன்னாங்க. அந்த ஒருத்தரும் அங்கதான் இருந்தார். குடிச்சது நான்தான்னு அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கலை."

செம்போத்து உம் கொட்ட வாயெடுத்தது.

"அண்ணே, இரு" என்றது மைனா. "இந்த இடத்துல உம் கொட்ட வேண்டியது நீ இல்லை."

கதை நின்றது. காற்றும் இல்லை. மருதமரத்து இலை ஒன்றுகூட அசையவில்லை. கடமான் கொம்பைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. நரி யாரையும் பார்க்கவில்லை. பாறைப் பொந்துப் பக்கமே அதன் காது திரும்பியிருந்தது. பொந்துக்குள் குட்டிகள் முனகுவது மெல்லக் கேட்டது.

அந்த முனகல் முன்னால் உட்கார்ந்திருந்த முயலுக்கும் கேட்டது.

"உம்."

ரொம்பச் சின்னக் குரல். செம்போத்தின் குரல் இல்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

இத்தனை நாளாக அந்தக் காட்டில் 'உம்' என்றால் மேலே சொல் என்றுதான் அர்த்தம். இந்த உம்முக்கு 'ஆமாம்' என்று அர்த்தம்.

"நீயா?" என்றது கடமான்.

முயலின் மூக்கு நடுங்கியது. "ஒரு வாய்தான் குடிக்கலாம்னு வந்தேன். தாகம் விடலை, மூணு நாளும் வந்தேன்; குதிச்சப்பல்லாம் கரை சரிஞ்சு, குழி பாதி மூடிச் சேறாயிடுச்சு. என் தடமும் அதுலயே மூடிப் போச்சு. அது நான்னு எனக்கே தோணலை, பெரியவரே. கதையில நான்தானே எப்பவும் நல்லவன்? தப்புப் பண்றது நரிதானே? நரி பண்ணிருக்கும்னு நீங்க எல்லாரும் சொன்னப்போ, சத்தியமா, நானும் நம்பிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கடமான் முன்னால் நடந்து வந்தது. முயல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. ஆனால் கடமான் அதைத் தாண்டிப் போய் நரியின் முன்னால் நின்றது.

"தடம் பார்க்காம தீர்ப்புச் சொன்னவன் நான். நீ முதல்ல குடி, தாயி."

நரி குழியில் வாய் வைத்தது. கலங்கல் தண்ணீர்தான். நெடுநேரம் குடித்தது.

அது நிமிர்ந்தபோது முயல் கேட்டது: "அக்கா, இனிமே கதையில திருடறது நானா?"

இதை மைனாவிடம் கேட்டதா, நரியிடம் கேட்டதா என்று தெரியவில்லை. நரிதான் பதில் சொன்னது.

"வேண்டாம்ப்பா. அந்த இடத்துல நான் உட்கார்ந்து பார்த்தாச்சு. யாரை உட்கார வச்சாலும், 'நாம நல்லவங்க'ன்னு மத்தவங்க நிம்மதியாத் தூங்கிடறாங்க."

செம்போத்து புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. "கதை பாதியில நிக்குதே. அந்த ஒருத்தர் அப்புறம் என்ன பண்ணார்?"

"எனக்குத் தெரியாதண்ணே" என்றது மைனா. "இன்னும் முடியலையே."

முயல் எழுந்தது. சரிந்த கரையில் இறங்கி, காலால் சேற்றை வாரி வாரி வெளியே தள்ளியது. கரையைத் தட்டித் தட்டி இறுக்கியது. அதன் வெள்ளை வயிறெல்லாம் கறுப்பாகிவிட்டது. முடிந்ததும் தன் இடத்துக்குப் போகவில்லை. வரிசையில் எல்லோரையும் தாண்டி, கடமானுக்கும் பின்னால் போய் நின்றது.

நரி அதைத் திரும்பிப் பார்த்தது. "உம்" என்றது.

கெட்டதை ஏதோ ஒரு நரியின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகக் கதை கேட்கிறவர்களுக்குத் தாங்கள் செய்யும் கெட்டது கண்ணில் படாது. நல்லவர் என்று பேர் எடுத்தவரும் தன் கதைக்குத் தானே உம் கொட்டிப் பார்க்க வேண்டும்.