முப்பத்தொன்றின் வலது பக்கம்

இத்தாலியில் பந்தய மோட்டார் சைக்கிள்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் முன்கூடத்தில், ஒரு காலத்தில் பந்தயம் ஜெயித்த பழைய வண்டி ஒன்று நின்றது. மூக்கில் 31 என்று எழுதியிருந்ததால் எல்லோருக்கும் அது முப்பத்தொன்று. பந்தய வண்டிகளுக்கு ஸ்டாண்டு கிடையாது. ஆகவே வலது பக்கத்தைச் சுவரில் சாய்த்து, இடது பக்கத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு நாற்பது வருடமாக அப்படியே நின்றது.

அந்த இடது பக்கத்தில், பெட்ரோல் டேங்கில், உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். காற்றை வழுக்கிவிட இப்படி வளைத்திருக்கிறார்கள் என்பார் ஒருவர். இல்லை, காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுவதற்கு என்பார் இன்னொருவர். முப்பத்தொன்று எதையும் மறுக்காது. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

மேலே ஆணியில் தொங்கிய மரச்சுத்தியல் மட்டும் அவ்வப்போது தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். வந்தவர்கள் போகட்டும், வாயைத் திறக்காதே என்று முப்பத்தொன்று அதை அடக்கிவிடும். கூடத்தைப் பெருக்க வருகிறவர்கள் வண்டியைச் சற்று நகர்த்தப் பார்த்தால், முன்சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் திருகிக்கொண்டு முரண்டு பிடிக்கும். வயதான வண்டி, இறுகிப்போச்சு என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். சுவர்தான் அதன் முக்காடு.

ஒரு வருடம் சில்வானோ என்ற வடிவமைப்பாளரிடம் புது வண்டி வரையும் வேலை வந்தது. மனிதர் முப்பத்தொன்றின் மேல் பைத்தியமாக இருந்தவர். மூன்று வாரம் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பள்ளத்தை அங்குலம் அங்குலமாக வரைந்தார். வலது பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானே என்று காகிதத்தை மடித்து மறுபக்கமும் அதே கோட்டை இழுத்துவிட்டார்.

புது வண்டி பிறந்தது. சிவப்பாக, ஒல்லியாக, டேங்கின் இரு கன்னங்களிலும் குழி விழுந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் ஒரே குரலில் சொன்னார்கள்: "அப்படியே முப்பத்தொன்றின் ஜாடை."

இதைக் கேட்டு முப்பத்தொன்றுக்கு உள்ளம் குளிர்ந்தது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் புதுசைப் பார்த்தது. அதன் மேல் வைத்த பாசம் உண்மையான பாசம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஓட்டிப் பார்க்கும் ஓர்னெல்லா முதல் நாளே முகம் சுளித்துத் திரும்பினாள். வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இந்த வண்டியில் பிடிக்கப் போன இடத்தில் பள்ளம்தான் இருந்தது. அவள் வழுக்கி முன்னால் போய் விழப் பார்த்தாள். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் ஓட்டம் வியாழக்கிழமை என்றும், அன்றும் சரிவராவிட்டால் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறு திட்டத்துக்குப் போவதென்றும் முதலாளி அம்மா சொல்லிவிட்டார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஓட்டத்துக்கு முன் புது வண்டியை முப்பத்தொன்றின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். புதன்கிழமை காலையில் புதுசை உருட்டிக்கொண்டு வந்தார்கள். படக்காரர் விளக்கு எடுத்துவரப் போன நேரத்தில் கூடத்தில் ஆளில்லை.

புதுசு தலை நிமிரவில்லை. தன் மேல்தான் தப்பு என்றது. "உங்க பள்ளத்தை அப்படியே வச்சிருக்கேன். ஆனா உங்களை மாதிரி ஓட வரலை. உங்க ரத்தம் எனக்குள்ள சரியா இறங்கலை போல."

மேலே சுத்தியல் இம்முறை கனைக்கவில்லை. நேராகவே கேட்டது: "பிள்ளையைப் பிரிச்சுப் போடப் போறாங்க. இன்னும் சுவரைப் பிடிச்சுக்கிட்டே நிக்கப் போறியா?"

முப்பத்தொன்று சொன்னது: "தம்பி, உன் மேல தப்பே இல்லை. நான் சொல்லாம விட்டதுதான் தப்பு."

பிறகு, நாற்பது வருடமாக அடைத்து வைத்ததைக் கொட்டியது. அந்த நாளில் முப்பத்தொன்றை ஓட்டியவர் அர்மாந்தோ. ஒருமுறை விழுந்து அவருடைய இடது முழங்கால் உடைந்தது. அதன்பின் அது சரியாக மடங்கவில்லை. மடங்காத முழங்கால் டேங்கில் இடித்துக்கொண்டே இருந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் மெக்கானிக் அவரை மேலே உட்காரவைத்து, முழங்கால் இடித்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, இந்தச் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளினார். காற்றுமில்லை, கீற்றுமில்லை. ஒரு நொண்டிக்காலுக்கு இடம் விட்டது, அவ்வளவுதான்.

புதுசு தன் கன்னத்துக் குழியைக் குனிந்து பார்த்தது. அதற்குள் ஓர்னெல்லா உள்ளே வந்துவிட்டாள், பின்னால் சில்வானோ. இந்தப் பள்ளத்தோடு இது எப்படித்தான் ஜெயித்ததோ, உட்கார்ந்தே பார்த்துவிடுகிறேன் என்று அவள் முப்பத்தொன்றின் கைப்பிடியைப் பற்றினாள். வராது, இறுகிப்போனது என்று சில்வானோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே முப்பத்தொன்று முன்சக்கரத்தை நேராக்கிக்கொண்டது. வண்டி வெண்ணெயாய் உருண்டு வந்தது.

ஓர்னெல்லா ஏறி உட்கார்ந்தாள். சில்வானோ சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். அங்கே டேங்க் வழவழவென்று இருந்தது, பள்ளம் இல்லை. அவர் இடது பக்கம் வந்தார், மறுபடி வலது பக்கம் போனார். பள்ளத்துக்குள் விரலை ஓட்டியபோது சுத்தியல் பட்ட வடுக்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. நாற்பது வருடப் பெருமை அந்த விரலடியில் போய்விட்டதை முப்பத்தொன்று உணர்ந்தது. வலித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஓர்னெல்லா தன் முழங்காலை உள்ளே வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை.

"சில்வானோ, இது யாரோ ஒருத்தரோட முழங்கால்," என்றாள். "நீங்க அதை எனக்கு ரெண்டு பக்கமும் மாட்டிவிட்டிருக்கீங்க."

சில்வானோவுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. நல்ல மனிதர், சமாளிக்கப் பார்க்கவில்லை. பள்ளமில்லாத அலுமினிய டேங்க் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அது வந்ததும் புதுசில் பொருத்தி, ஓர்னெல்லாவை மேலே உட்காரவைத்தார். குனிந்து படுக்கச் சொன்னார், பிரேக் பிடிப்பதுபோல் இறுக்கச் சொன்னார். அவள் கால் பட்ட இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். பின்பு ஆணியிலிருந்து மரச்சுத்தியலை இறக்கி, அவள் முழங்கால் கச்சிதமாகப் பதியும் அளவுக்கு மட்டும் தட்டினார். நாற்பது வருடத்துக்குப் பிறகு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சுத்தியலுக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை ஓர்னெல்லா வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தாள். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். முதலாளி அம்மா தலையசைத்தார். வண்டியைப் பிரிக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது.

புதன்கிழமை நின்றுபோன படத்தை எடுக்க மறுபடியும் புதுசைக் கூடத்துக்கு உருட்டிவந்தார்கள். முப்பத்தொன்று இப்போது சுவரோரம் இல்லை. நடுக்கூடத்தில், இரு பக்கமும் தெரிய, கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். படக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்.

அது புதுசின் காதில் விழுந்தது. "உங்க பள்ளம் இப்ப என்கிட்ட இல்லை," என்றது மெதுவாக. "இனிமே நான் உங்க பிள்ளைன்னு யார் சொல்லுவா?"

முப்பத்தொன்று பார்த்தது. புது டேங்கில், ஓர்னெல்லாவின் முழங்கால் படும் இடத்தில், சாக்பீஸ் வட்டம் அரைகுறையாக அழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான்டா என் ஜாடை வந்திருக்கு," என்றது.