கரப்பான்களைத் தாண்டிப் போன வண்டி

ஐம்பது வயதில் ஞானதுரை மறுபடியும் மாணவர் ஆனார்.

அதுவரை பாதாளச் சாக்கடைப் பணிகளில் பொறியாளராக இருந்தவர். ஒரு நாள், குழிக்குள் இறங்கிய இரண்டு பேரைக் கயிறு போட்டு மேலே தூக்கினார்கள். இரண்டு பேரிடமும் உயிர் இல்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு, ஊர்க் கோடியில் இருந்த கல்லூரிக்குப் போய் சபூராவின் முன்னால் நின்றார்.

சபூரா இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். ஞானதுரையைவிட வயதில் சின்னவர்.

"என்ன செய்யணும் சார் உங்களுக்கு?"

"ஆள் இறங்காம, அடைப்பு எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வண்டி."

"வண்டி கடையிலேயே கிடைக்குதே."

"கிடைக்குது மேடம். மேலே இருந்து ஒருத்தர் ஓட்டணும். இருட்டுலயும் சேத்துலயும் ஓட்டுறவருக்கு ஒண்ணும் புரியாது. ரெண்டாவது வளைவுல சிக்கிக்கும். கடைசியில ஒரு ஆளை இறக்குவாங்க. வண்டியே தானா வழி கத்துக்கணும்."

சபூரா ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

வண்டி தயாரானது. முக்காலி உயரம். முன்னால் ஒரு விளக்கும் கேமராவும், பின்னால் வால் மாதிரி நீண்ட ஒயர். கல்லூரி மைதானத்தில் சிமெண்ட் குழாய்களை வளைவும் கிளையுமாகப் புதைத்து, எங்கோ ஓரிடத்தில் சாக்கைத் திணித்து வைத்தார் ஞானதுரை. விளையாட்டில் போலப் புள்ளி சேர்ப்பதுதான் வண்டியின் வேலை; அடைப்பைத் தொட்டால் பெரிய புள்ளி என்று அதற்குச் சொல்லிவைத்தார்.

வண்டி குழாயின் வாயிலேயே தடுமாறியது. சுவரில் முட்டியது, நின்றது. அடைப்பு வெகுதூரத்தில் இருந்தது. ஒரு தடவைகூட அதைத் தொடாததால், புள்ளி என்று ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியவில்லை.

"நகர்ந்தாலே கொஞ்சம் புள்ளி கொடுக்கவா மேடம்?"

"கொடுத்துப் பாருங்க."

மறுநாள் காலையில் திரையைப் பார்த்த ஞானதுரைக்குச் சந்தோஷம். புள்ளிகள் குவிந்திருந்தன. குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். வண்டி ஒரு முழம் முன்னால் போனது, ஒரு முழம் பின்னால் வந்தது, மறுபடியும் முன்னால் போனது. விடியவிடிய அதைத்தான் செய்திருக்கிறது.

"ஏமாத்துது மேடம்."

"நகர்ந்தா புள்ளின்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"நகருதா?"

ஞானதுரை வண்டியை நிறுத்தினார். பிறகு கேட்டார், "அப்போ எதுக்குத்தான் புள்ளி கொடுக்கிறது?"

சபூரா மேஜையில் ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். திரும்பி வந்தபோது டப்பாவின் மூடி கழன்று கிடந்தது.

"திறக்கச் சொன்னேனா?"

"இல்ல."

"உள்ள என்ன?"

"ஆணி. துருப்பிடிச்ச ஆணி."

"திறந்ததுக்கு உங்களுக்கு என்ன கிடைச்சுது?"

ஞானதுரைக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் வேலை செய்தார்.

இப்போது வண்டி ஒவ்வொரு அடி வைப்பதற்கு முன்னும், அடுத்து என்ன தெரியும் என்று ஊகித்தது. ஊகம் தப்பினால் அதற்கு ஒரு புள்ளி. தெரிந்த இடத்தில் நின்றால் ஒன்றும் கிடைக்காது. தெரியாத இடத்தில்தான் புள்ளி.

வண்டி வாயைக் கடந்து போனது. முதல் வளைவில் தயங்கித் திரும்பியது. கிளைக்குள் நுழைந்து, அது முட்டுச்சந்து என்று தெரிந்ததும் வெளியே வந்து அடுத்ததற்குள் போனது. ஞானதுரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு வண்டி நின்றுவிட்டது.

மோட்டாரில் கோளாறு இல்லை. இரண்டு குழாய்கள் சேரும் ஒரு மூட்டில் கரப்பான்பூச்சிகள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன. எந்தக் கரப்பான் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டியாலும் முடியவில்லை. ஒவ்வொரு ஊகமும் தப்பியது, ஒவ்வொரு தப்புக்கும் புள்ளி விழுந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு அது கரப்பான்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் பார்த்தது.

ஞானதுரை சோர்ந்துபோனார்.

"சோம்பேறியா இருந்துச்சு. அப்புறம் திருட்டுத்தனம் பண்ணுச்சு. இப்ப வேடிக்கை பார்க்குது. இது தேறாது மேடம். நான் கிளம்பறேன்."

"கிளம்புங்க. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் விளையாடிட்டுப் போங்க."

சபூரா அவர் முன்னால் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, ஒரு ஜோடி தாயக்கட்டை. இன்னொன்று, திருவிழாக் கடைகளில் விற்கும் கம்பிப் புதிர், ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட இரண்டு வளைந்த கம்பிகள்.

"தாயத்தை உருட்டி, என்ன விழும்னு முன்கூட்டியே சொல்லணும். இல்லைன்னா கம்பியைப் பிரிக்கணும். எது வேணுமோ அது."

ஞானதுரை வேண்டாவெறுப்பாகக் கட்டையை உருட்டினார். சொன்னது ஒன்று, விழுந்தது வேறு. மறுபடி உருட்டினார். கொஞ்ச நேரத்தில் கட்டையை ஓரமாக வைத்துவிட்டுக் கம்பியைக் கையில் எடுத்தார். திருப்பினார், இழுத்தார், பெருமூச்சுவிட்டார். சபூரா விடைத்தாள் திருத்த ஆரம்பித்தார். அவர் நிமிர்ந்தபோது ஞானதுரையின் ஒவ்வொரு கையிலும் ஒரு கம்பி இருந்தது.

"தாயத்தை ஏன் விட்டுட்டீங்க? அதுலயும் ஊகம் தப்பிக்கிட்டேதான இருந்துச்சு?"

"எவ்வளவு உருட்டினாலும் அதுல பிடிபட ஒண்ணுமில்ல."

"கம்பியில?"

"முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் கொஞ்சம் தெரிஞ்சுது. அப்புறம்..." ஞானதுரை பாதியில் நிறுத்தினார்.

சபூரா அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

ஞானதுரை கிளம்பவில்லை. வண்டியிடம் போனார். ஊகம் தப்புவதற்கு இனிமேல் புள்ளி இல்லை என்று மாற்றினார். ஊகம் முன்னைவிடத் திருந்தினால் மட்டும் புள்ளி. அடைப்புக்கு வைத்த பெரிய புள்ளி அப்படியே இருந்தது.

வண்டி கரப்பான்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவற்றின் நடுவே உருண்டு அந்தப் பக்கம் போனது. அன்று மாலைக்குள் சாக்கைத் தொட்டது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. உப்பளத் தெருவில் சாக்கடை பொங்கி வீடுகளுக்குள் ஏறியது. வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த தெருவாசி ஒருவர், அதைக் கொண்டுவரச் சொல்லிக் கல்லூரிக்கு ஓடிவந்தார். சபூராவும் ஞானதுரையும் போய்ச் சேர்ந்தபோது, ஒப்பந்தக்காரர் பெருமாள்சாமி இரண்டு ஆட்களை ஏற்கெனவே வரவழைத்திருந்தார். காத்தமுத்துவும் அவர் மச்சானும். இருவரும் சட்டையைக் கழற்றியிருந்தார்கள். காத்தமுத்துவின் இடுப்பில் கயிறு கட்டியாகிவிட்டது.

"ஆளை இறக்கக் கூடாது," என்றார் ஞானதுரை.

"சட்டம் எனக்கும் தெரியும் சார். அடைப்பு எங்கன்னு தெரியாம எங்கே தோண்டுறது? தண்ணி கட்டில் வரைக்கும் வந்தாச்சு."

"ஒரு மணி நேரம் கொடுங்க."

பெருமாள்சாமி காத்தமுத்துவைப் பார்த்தார். காத்தமுத்து வண்டியைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம்," என்றார் பெருமாள்சாமி. "அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்."

தெருக்கோடியில் ஒரு குழியில் மட்டும் தண்ணீர் குறைவாக இருந்தது; அடைப்பு அதற்கு மேற்புறம் எங்கோ இருக்க வேண்டும். வண்டியை அதன் வழியாக இறக்கினார்கள். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் திரையை வைத்தார் ஞானதுரை. மைதானத்துக் குழாய் அவர் புதைத்தது. இது யார் எப்போது புதைத்ததோ.

வண்டி சேற்றில் வழுக்கியது. வரைபடத்தில் இல்லாத ஒரு கிளை வந்தது. அதற்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒரு வளைவில் கரப்பான்கள். மைதானத்தில் இருந்ததைப் போலப் பல மடங்கு, சுவரே தெரியாத அளவுக்கு. வண்டி நின்றது.

"போ," என்றார் ஞானதுரை, யாருக்கும் கேட்காத குரலில். "போயிரு."

வண்டி போனது.

அடுத்த திருப்பத்தில் விளக்கு வெளிச்சம் எதன்மேலோ பட்டு நின்றது. ஒரு கிழிந்த மெத்தை. குழாயின் வாயை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. வண்டி அதைத் தொட்டது.

பெருமாள்சாமி ஒயரின் நீளத்தை அளந்து, தெருவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். வண்டியை வெளியே எடுத்ததும் அந்த இடத்தில் மேலிருந்து தோண்டி, குழாயை உடைத்து, கொக்கி போட்டு மெத்தையை இழுத்தார்கள். பூமிக்கு அடியில் பெரிய உறுமல் கேட்டது. தெருவில் நின்ற தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. வீடுகளில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து அதையே பார்த்தார்கள். காத்தமுத்துவின் மச்சான் அவர் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

ஞானதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு, வேறு அடைப்பு உண்டா என்று பார்க்க வண்டியை மறுபடி இறக்கினார்கள். மெத்தை இருந்த இடத்தை அது தாண்டியது. அப்பால் குழாய் சுத்தமாக இருந்தது. அடைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் வண்டி நிற்கவில்லை.

ஞானதுரை திரும்பிப் பார்த்தார். காத்தமுத்துவும் மச்சானும் தாழ்வாரத்தில் அவருக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். இருவரும் சட்டை போட்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் திரையின் வெளிச்சம் அடித்தது.

"அந்த வளைவுக்கு அந்தாண்ட என்ன இருக்கும்?" என்று மச்சானைக் கேட்டார் காத்தமுத்து.

"தெரியலையே. அவ்வளவு தூரம் எவன் பார்த்தான்?"

வண்டி வளைவை நெருங்கியது. காத்தமுத்து கழுத்தை நீட்டினார்.

ஞானதுரை சபூராவிடம் குனிந்து கேட்டார், "வேலை முடிஞ்சுது மேடம். வண்டியை மேலே கூப்பிட்டுரட்டுமா?"

"இருங்க சார்," என்றார் சபூரா. "அவங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க."