சிங்காதனத்தில் எலி

செம்பாறை நாட்டுச் சபையில் ஓர் எலி இருந்தது. அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். காலையில் சபை கூடிக் கொஞ்ச நேரத்தில் சிங்காதனத்துப் பக்கமிருந்து 'நறநற' என்று சத்தம் கிளம்பும். தச்சன் வந்து பலகையைக் கழற்றிப் பார்த்தான். பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பூனையைக் கொண்டுவந்து சிங்காதனத்துக் காலில் கட்டினார்கள். பூனை சுகமாகத் தூங்கியது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

எப்படி நிற்கும்? அந்த நாட்டு வழக்கம் அப்படி. சபையில் அமர்ந்திருக்கும் அரசரின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தலையைக் குனிந்து, பாதத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அரசருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் சபையில் அதைக் காட்டக் கூடாது. அரசர் வீரகேது இதில் மகா கெட்டிக்காரர். கோபத்தையெல்லாம் வாய்க்குள் போட்டுப் பூட்டிவிடுவார்.

இந்த ரகசியம் அரசவை விகடன் கூத்தபிரானுக்கு மட்டும் தெரியும். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். சிரித்தாரா இல்லையா என்று பார்க்காமல் எப்படி? அதனால் ஓரக்கண்ணால் பார்ப்பான். சத்தம் வரும்போதெல்லாம் அரசரின் காதுக்குக் கீழே தாடை புடைத்துப் புடைத்து அடங்கும். இதை வெளியே சொன்னால், "முகத்தை ஏனடா பார்த்தாய்?" என்று பிடித்துக்கொள்வார்கள். கூத்தபிரானுக்குத் தன் தலை மேல் ரொம்பப் பிரியம். வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அரசர் தயிர்ச்சோறு சாப்பிடும்போது கடைவாய்ப் பல் விண்டு, ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது.

"சோற்றில் கல்!" என்று அலறினார் அரசர். "சமையல்காரனைப் பிடியுங்கள்!"

தலைமைச் சமையல்காரன் ஐயாறப்பனைக் கரண்டியும் கையுமாக இழுத்து வந்தார்கள்.

"மகராசா, மூணு தரம் அரிசியைப் புடைச்சுக் களைஞ்சேனுங்க! கல்லே இல்லீங்க!" என்று அவன் காலில் விழுந்தான்.

"கல் இல்லாமல் பல் எப்படி உடையும்? நாளைக் காலையில் இவனைக் கழுதை மேல் ஏற்றி ஊரை விட்டுத் துரத்துங்கள்!"

கூத்தபிரானும் அங்கே நின்றிருந்தான். ஐயாறப்பன் கைச் சோற்றில் வளர்ந்த வயிறு அவனுடையது. இனியும் பேசாமலிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. ஆனால் நேராகச் சொன்னால் கழுதை மேல் இரண்டு பேர் போக வேண்டியிருக்கும்.

மறுநாள் சபையில் அவன் எழுந்தான். "அரசே, கழுதை தயாராகத்தான் நிற்கிறது. அதற்கு முன் ஒரு மிளகுச் சோதனை வைத்துவிடலாமா? குற்றம் சாட்டியவர், சாட்டப்பட்டவர் இருவரும் கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் ஆளுக்கொரு மிளகு வைத்துக்கொள்ள வேண்டும். கடிக்கக் கூடாது. பிரதானியார் பேசி முடிக்கும்வரை மிளகு யார் வாயில் முழுசாக இருக்கிறதோ, அவர் பக்கம் நியாயம்."

"இவ்வளவுதானா? கொண்டுவா மிளகை!" என்றார் அரசர்.

முதலமைச்சரான பிரதானி மார்த்தாண்டர் எழுந்தார். புதிய யானைக் கொட்டாரத்துக்குத் தெற்கே வாசல் வைப்பதா, கிழக்கே வைப்பதா என்பது அன்றைய பேச்சு. அவர் அரசரின் கொள்ளுப்பாட்டன் காலத்து யானையிலிருந்து தொடங்கினார்.

ஐயாறப்பனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பயத்தில் பிளந்த வாய் பிளந்தபடியே இருந்தது. அதனால் அவன் மிளகு பத்திரமாக இருந்தது. பிரதானி இரண்டாவது யானைக்கு வந்தார். அரசரின் தாடை லேசாகப் புடைத்தது. மூன்றாவது யானைக்கு வந்து, "இதை இன்னும் சற்று விளக்கமாகச் சொல்வதானால்..." என்றார்.

'நற!'

"ஆ! காரம்! தண்ணீர்! தண்ணீர்!" என்று அரசர் துள்ளி எழுந்தார். பூனை விழித்துக்கொண்டது.

"இந்த மிளகு சொத்தை. வேறு கொடு!" என்றார், தண்ணீரைக் குடித்துவிட்டு.

கூத்தபிரான் நல்ல மிளகாகப் பொறுக்கிக் கொடுத்தான். பிரதானி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இந்த முறை நான்காவது யானைக்கு அவர் போய்ச் சேரவே இல்லை.

'நற!'

கண்ணில் நீர் வழிய நின்ற அரசர் மெல்லத் தாடையைத் தடவிப் பார்த்தார். தடவிய இடம் கல்லாக இறுகியிருந்தது.

"கூத்தபிரான்... அந்த எலி..."

"ஆமாம் அரசே. இன்று பிடிபட்டுவிட்டது."

அரசர் ஒரு கணம் அவனை முறைத்தார். கூத்தபிரான் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம் அரசர் சிரித்தார் பாருங்கள், உடைந்த பல் தெரிய அப்படி ஒரு சிரிப்பு! தம் சால்வையை எடுத்து ஐயாறப்பனுக்குப் போர்த்தினார். "என் தப்புக்கு உன்னைத் துரத்தப் பார்த்தேனே, மன்னித்துக்கொள்" என்றார். ஐயாறப்பன் 'ஓ'வென்று அழுதுவிட்டான்.

"சரி, கூத்தபிரான். மிச்சப் பல்லாவது பிழைக்க வேண்டுமே. என்ன செய்யலாம்?"

"சுலபம் அரசே. பிரதானியார் பேசத் தொடங்கியதும் வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விடுங்கள். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு பல வருஷமாக அதைத்தான் செய்கிறோம். எங்களில் இதுவரை ஒருவருக்கும் பல் உடையவில்லை!"